உள்ளே பதினாலு குச்சி

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

காது எப்படி இருக்கிறது? புது மெஷின் மாட்டியும் கீச்சு கீச்சென்ற சத்தம்தான் கேட்கிறது, மனுஷப் பேச்சு கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் மில்லில் தறிகளுக்கு நடுவே நின்ற காது அது, இனிமேலா நம் பேச்சைக் கேட்கப்போகிறது? விடு. போனில் உன்னிடம் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுவே வசதி.

நான் நன்றாக இருக்கிறேன். கேக் வேலை மூச்சு முட்டுகிறது. போன வாரம் ஒரு தையல்காரருக்குப் பணி ஓய்வு என்று அவர் பிள்ளைகள் தையல் மெஷின் மாதிரியே கேக் கேட்டார்கள். சக்கரம், ஊசி, நூல்கண்டு எல்லாம் வைத்துச் செய்து கொடுத்தேன். மனுஷர் பார்த்துவிட்டு, "இன்னையோட விட்டுச்சுன்னு பார்த்தா, மறுபடி மெஷினையே கொண்டாந்து வெச்சிட்டீங்களேடா" என்றாராம். வெட்ட மனசில்லாமல் வைத்திருந்து, எறும்பு வந்தபிறகுதான் வெட்டினார்களாம்.

உன் பேரன் வாண்டு நேற்று அவன் அம்மாவோடு வந்திருந்தான். இந்த மாதக் கடைசியில் ஐந்து முடிகிறதே, அதற்கு ஆர்டர் கொடுக்க வந்தாராம் துரை. நீர்யானை வேண்டுமாம். "வாய மூடினது வேணாம் கேக்கம்மா. தொறந்தது. உள்ள பல்லு, நாக்கு எல்லாம் தெரியணும்" என்று தன் வாயை உள்நாக்கு தெரியப் பிளந்து காட்டினான். மருமகள் சிரிக்காமல், "எந்தப் பக்கத்துப் பல்லு ஆடுதுன்னும் காட்டு" என்றாள்.

திறந்த வாய் லேசுப்பட்ட வேலை இல்லை அக்கா. மேல்தாடை பாரத்தில் தொங்கிவிடும். உள்ளே பல்குச்சிகளைச் செருகித்தான் நிறுத்த வேண்டும். எத்தனை குச்சி வைத்தேன் என்று எழுதிப் பெட்டிமேல் ஒட்டாமல் நான் ஒரு கேக்கும் கொடுத்ததில்லை, உனக்குத் தெரியுமே. பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் குட்டி

*

மார்ச் 14

குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு இடுப்பு வலி இருந்ததே, அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கேக்கைப் பற்றி மட்டும் ஒரு பக்கம்.

நீர்யானையைப் பெரிதாகவே செய். கூட்டம் வரும். என் மகன் வேலை செய்யும் லிஃப்ட் கம்பெனி ஆட்கள், குடும்பம் குட்டியோடு வருவார்கள். அவன் ஐந்து வயதில் நான் ராத்திரி ஷிப்ட் பகல் ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது எல்லாம் நீதான். இப்போது அவன் பிள்ளைக்கும் நீதான். உன் கையில் இருக்கிறவரை எனக்குக் கவலை இல்லை.

மருமகள் எப்படி இருக்கிறாள்? கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துப் பார்த்து, மனுஷரையும் அளவெடுப்பது மாதிரிதான் பார்ப்பாள். என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. போகட்டும், பிள்ளையை நன்றாகத்தான் வளர்க்கிறாள். அதையும் சொல்ல வேண்டும்.

போட்டோ அனுப்பு. மறந்தாயோ, தொலைந்தாய்.

அக்கா

*

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

முழங்காலுக்குத் துணியைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கிறாயா? என் இடுப்பு பரவாயில்லை. ஆனால் நீர்யானை அதை ஒரு கை பார்த்துவிட்டது.

மூன்று நாள் வேலை அக்கா. ஸ்பாஞ்சு மட்டும் ஆறு டின். அடுக்கி, க்ரீம் தடவி, ரொட்டிக் கத்தியால் செதுக்கிச் செதுக்கி உடம்பைக் கொண்டுவந்தேன். மேலே சர்க்கரை மாவைத் தேய்த்துப் போர்த்தினேன். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் ஊதா கலந்தால்தான் உயிர் வருகிறது. பல் நாலு, நாக்கு ஒன்று. தாடைக்கும் காதுக்குமாகப் பதினாலு குச்சி. எழுதி ஒட்டினேன்.

அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் ஒரு காது சாய்ந்து கிடக்கிறது! வெயிலில் பஸ்ஸில் போனால் அப்படித்தான். வாசலில் விருந்தாளிகள் செருப்பைக் கழற்றுகிறார்கள். சமையலறையிலேயே அவசரமாக ஒரு வைத்தியம் பண்ணினேன், நின்றுவிட்டது.

வாண்டு பார்த்ததும் கத்தவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அப்புறம் அதன் வாய்க்குள் தலையைக் குனிந்து பார்த்து, "இது என்னைச் சாப்பிடுமா, நான் இதைச் சாப்பிடணுமா?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றான்.

மருமகள் வெட்டும்போதே குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிப் பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் வரிசையாக வைத்து, "பதினாலு. சரியா இருக்கு சின்னத்தை" என்றாள். பிள்ளைகளுக்காகப் பழத்துண்டுகளைக் குச்சியில் செருகி ஒரு பெரிய தட்டு நிறைய வைத்திருந்தாள். அதுவும் பறந்துவிட்டது.

கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். உன் மகனுக்கு லேசாகத் தொப்பை விழுந்திருக்கிறது, கவனி.

குட்டி

*

ஏப்ரல் 10

குட்டிக்கு,

போட்டோ வந்தது. முழங்கால் வலியோடு தெரு முழுக்கப் போய்க் காட்டிவிட்டு வந்தேன். தபால்காரர்கூட நின்று பார்த்தார். "இதை உங்க தங்கச்சியா செஞ்சாங்க? உள்ள எலும்பு இருக்கும்போல இருக்கே" என்றார் போல. வாய் அசைவை வைத்துச் சொல்கிறேன். வேறு ஏதாவது சொன்னாரோ என்னவோ, நான் சிரித்துவைத்தேன்.

வாண்டுவின் கன்னத்தில் க்ரீம் அப்பியிருக்கிறது. அதைத் துடைக்காமல் போட்டோ எடுத்தவன் யார்? அவனுக்கு என் நன்றி. போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைப் பார்க்கிறேன்.

லீவு விட்டதும் அவனை இங்கே அனுப்பச் சொல். நீயே கூட்டிக்கொண்டு வா.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

உன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னோம். உனக்குச் சரியாகப் புரிந்ததோ இல்லையோ என்று இதையும் எழுதி அனுப்புகிறேன். உடனே கிளம்பி வா.

வாண்டுவுக்கு ஆறாம் தேதியிலிருந்து வயிற்றுவலி. கேக்கும் பழமும் ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். நாலு நாளும் நான் போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தாம் தேதி உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நேற்று வயிற்றைத் திறந்தார்கள். குடலில் ஒரு பல்குச்சித் துண்டு குத்தி நின்றிருக்கிறது. அரை விரல் நீளம் இருக்கும். அதிலிருந்து விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்கிறார்கள். அவன் இன்னும் கண் விழிக்கவில்லை.

வா அக்கா.

குட்டி

*

மே 19

குட்டிக்கு,

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். வீட்டைத் திறந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். போட்டோவை எடுத்து அலமாரியில் கவிழ்த்துவைத்திருக்கிறேன். கிழிக்கக் கை வரவில்லை.

ஒரு மாதம் அங்கே இருந்தும் உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. நீ சமைத்தாய், துவைத்தாய், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாய். உன்னை அழச் சொன்னேன், அழவில்லை. நீ இடிந்துபோனால் என் மகனை யார் தாங்குவது என்றுதான் அப்படி நின்றாய் என்று எனக்குத் தெரியும்.

உன் கேக்கில் இருந்த பதினாலு குச்சியையும் மருமகளே எண்ணி எடுத்தாளாம். அவள் வாயாலேயே டாக்டரிடம் சொன்னாள். அப்படியானால் குடலில் குத்தியது எங்கேயிருந்து வந்தது? அந்தப் பழத்தட்டுதான். கேக்கில் எண்ணத் தெரிந்தவளுக்குத் தன் தட்டில் எண்ணத் தெரியவில்லையா? சின்னப் பிள்ளைகள் கையில் கூர்க்குச்சி கொடுக்கலாமா? இது போதாதென்று நாலு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறாள்.

கிளம்பும் நாள் வாசலில் வைத்து அவளிடம் கேட்டுவிட்டேன். "பெத்தவளே பிள்ளைக்கு எமனா வருவான்னு நான் கண்டேனா?" என்றேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததா என்றும் நான் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 8

அக்காவுக்கு,

உன் உடம்பு தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை.

அவன் வேலை முடிந்ததும் நேரே இங்கேதான் வருகிறான். சாப்பாடு போடுகிறேன். பாதி தின்றுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். "வீட்டுக்குப் போகப் பிடிக்கல சித்தி. அவ மூஞ்சியப் பார்க்க முடியல. அந்தத் தட்டுதான் ஞாபகம் வருது" என்கிறான். நான் குழம்பு ஊற்றுகிறேன்.

அவளை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் அக்கா. யாரால் என்று யாருக்குத் தெரியும்?

கேக் வேலையை விட்டுவிட்டேன். மணிக்கட்டு வலிக்கிறது.

குட்டி

*

ஆகஸ்ட் 17

குட்டிக்கு,

இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. தபால்காரரோடு சண்டை பிடித்தேன், பாவம் அவர் பையைக் கவிழ்த்தே காட்டினார். உனக்கு உடம்புக்கு என்ன? உள்ளதைச் சொல்.

என் மகன் எழுதியிருக்கிறான். அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டு விட்டுவிட்டானாம். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். போகும்போது அழக்கூட இல்லையாம், கல்நெஞ்சு. பிரிந்துவிடுவதாக எழுதிக் கையெழுத்தும் போடப்போகிறார்களாம். எனக்கு நிம்மதி என்று சொன்னால் நீ திட்டுவாய். ஆனாலும் அவன் இனிமேலாவது தூங்குவான்.

கேக்கை ஏன் விட்டாய்? மணிக்கட்டு வலி என்றால் ஒரு மாதம் விட்டுப் பிடி. ஓவனைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாய் என்றும் அவன் எழுதியிருக்கிறான். உன் குற்றம் இதில் என்ன இருக்கிறது? நீ எழுதி ஒட்டிக் கொடுத்தாய். அது சரியாக இருந்தது.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நான் நன்றாக இல்லை. இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப்போவதில்லை. பக்கத்தில் நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்.

குச்சி பதினாலு இல்லை.

அவர்கள் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது காது சாய்ந்து கிடந்தது என்று எழுதியிருந்தேன், இல்லையா? வைத்தியம் பண்ணினேன் என்றும் எழுதினேன். என்ன வைத்தியம் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏப்ரன் பையில் இருந்த ஒரு குச்சியை எடுத்தேன். முழுசாக வைத்தால் தலைக்கு மேலே துருத்தும் என்று இரண்டாக ஒடித்தேன். ஒரு பாதியைக் காதுக்கு அடியில், வெளியே தெரியாமல், உள்ளே வரை அழுத்தினேன். மேலே மாவைத் தடவி விரலால் நீவினேன். காது நின்றது. அப்போதே மருமகளைக் கூப்பிட்டு, பதினாலு இல்லை, பதினைந்து என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அவள் வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் வந்தாள், "சின்னத்தை, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். புகழ்ச்சியில் மறந்துவிட்டது. அவ்வளவுதான் அக்கா. வேறு காரணம் இல்லை. அவள் எண்ணிப் பதினாலு என்று சொன்னபோது நான் கூடத்தில் இருந்தேன். என் காதில் விழுந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

முகம் வேண்டும் என்று அவன் கேட்டான். காதோடு சேர்த்துத்தான் வெட்டிக் கொடுத்தாள்.

மீதிப் பாதி என் ஏப்ரன் பையில் இருந்தது. டாக்டர் எடுத்த துண்டை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து பையிலிருந்ததை எடுத்துப் பார்த்தேன். ஒடிந்த முனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானல்லவா ஒடித்தவள்.

அன்றே சொல்லியிருக்கலாம். நீ வந்து இறங்கிய அன்று சொல்லியிருக்கலாம். வாசலில் அவளை நீ அந்த வார்த்தை சொன்னபோது நான் உனக்குப் பின்னால், உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பதில் சொன்னாள் அக்கா. உனக்குத்தான் கேட்கவில்லை. "நானாத்தான் இருக்கும் அத்தை" என்றாள்.

அந்த வாக்கியத்தோடுதான் இத்தனை மாதமும் குடித்தனம் நடத்துகிறேன்.

அவன் தினமும் வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டு அவளைத் திட்டுகிறான். இனிமேல் என்னால் பரிமாற முடியாது. அவனிடம் சொல்லப்போகிறேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

குட்டி

*

செப்டம்பர் 24

குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். எரித்துவிட்டேன்.

இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. உன்னை என்னவெல்லாமோ கேட்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு, என் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நீ விடிய விடிய நடந்தது ஞாபகம் வந்தது. நான் மில்லில் இருந்தேன். உன்னை நான் ஒன்றும் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று கேள். அவனிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை திரும்பி வருவானா? அவனுக்கு இப்போது மிச்சம் இருப்பது நீ போடும் ஒரு வேளைச் சோறு. அதையும் பிடுங்கப்போகிறாயா? எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். அவள் போனவள் போனவளாகவே இருக்கட்டும். இளம்பிள்ளை, அவளுக்கு வேறு வாழ்க்கை அமையும்.

நான் அவளிடம் சொன்ன சொல்லை இனிமேல் எந்த முகத்தோடு திரும்ப வாங்குவேன்? என்னால் முடியாது குட்டி. என்னைக் கேட்காதே.

பத்திரமாக இரு. வாயைத் திறக்காதே.

அக்கா

*

அக்டோபர் 6

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவனிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை மட்டும் கழுவினான். "ஏன் சித்தி, ஏன் சித்தி" என்று இரண்டு தடவை கேட்டான். செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டான். பதினெட்டு நாளாக வரவில்லை. லிஃப்ட் கம்பெனிக்குப் போய்க் கேட்டேன், வேலைக்கு வருகிறானாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினான்.

அவளுக்கும் எழுதிவிட்டேன். உனக்கு எழுதியதையேதான் எழுதினேன்.

உனக்குக் கோபம் இருக்கும். முழங்காலைப் பார்த்துக்கொள்.

குட்டி

*

அக்டோபர் 29

சின்னத்தைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் வழக்கம். கேட்க வரவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் அண்ணன் வீட்டு விலாசத்துக்கு வந்தது. அண்ணி முன்னாலேயே பிரித்துப் படித்தேன். "பார்த்தியா, நீ இல்ல, நீ இல்ல" என்று அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆறு மாதமாக அந்தப் பழத்தட்டில் எத்தனை குச்சி வைத்தேன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கும்போதும் எண்ணுவேன். நாற்பது வரும். சில நாள் நாற்பத்தொன்று வரும். நான் இல்லை என்று தெரிந்தபிறகும் எண்ணுவது நிற்கவில்லை.

உங்கள் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றார். வீட்டுக்கு வா என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான்தான் என்று நம்ப அவருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போவது?

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காது சாய்ந்ததும், அவசரத்தில் மறந்ததும் யாருக்கும் நடக்கும். ஆனால் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று இல்லை என்று கண்டேன். டாக்டர் காட்டிய பிறகு உங்களுக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நாலு நாள் அவன் வலியில் சுருண்டு கிடந்தான். நாலு நாளும் நீங்கள் வந்தீர்கள். அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது அந்தக் குச்சி உங்களுக்கு நினைவே வரவில்லையா?

பதில் எழுத வேண்டாம்.

*

நவம்பர் 5

மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

வந்தது. முதல் நாளே வந்தது. வயிற்றுவலி என்று நீ சொன்னதுமே வந்தது. சாதாரண வலியாக இருந்தால், வீணாக என் பெயர் கெட்டுப்போகுமே என்று நினைத்தேன். இனிமேல் யார் என்னிடம் கேக் வாங்குவார்கள் என்றுகூட நினைத்தேன். இரண்டாம் நாள் எப்படியும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். நீ கதவைத் திறந்து, "நல்லவேளை வந்தீங்க சின்னத்தை, நீங்க ஊட்டினாத்தான் அவன் வாயத் தொறக்கிறான்" என்றாய். கிண்ணத்தை என் கையில் கொடுத்தாய்.

நான் ஊட்டினேன்.

இதை அக்காவுக்கும் எழுதவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடம் வேண்டுமானாலும் சொல். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், என் கையெழுத்துதான்.